பூட்டை உடைக்காத கள்வன்

2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் விடியுமுன், நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு ஏ.டி.எம். மையங்கள் ஒரே இரவில் உடைக்கப்பட்டன. எரிவாயு வெட்டுக்கருவியால் எந்திரங்களை அறுத்து, 70 இலட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைக் கொள்ளையர் அள்ளிச் சென்றனர். ஊரே அதிர்ந்தது. தேநீர்க் கடைகளிலும் பேருந்து நிலையத்திலும் பல நாட்கள் அதுவே பேச்சு. காவல்துறையினர் தனிப்படைகள் அமைத்து ஹரியானா வரை சென்று, சில நாட்களிலேயே சிலரைக் கைது செய்தனர்.

அந்தக் கொள்ளையருக்கு இரும்பை அறுக்க வேண்டியிருந்தது. தீப்பொறி பறந்தது, தடயம் எஞ்சியது, ஊரும் அறிந்தது. ஆனால் இன்று நம் வீடுகளுக்குள் புகுந்து வெளியேறும் வேறொரு கள்வன் உளன். அவன் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. திறவுகோலைத் தருமாறு நம்மிடமே கேட்கிறான். நாமும் தந்து விடுகிறோம். அவன் சென்ற பின்னர் ஊர் அதிர்வதில்லை. ஏனெனில், பொருளை இழந்தவர் வாய் திறப்பதில்லை. இணையவழித் திருட்டில் மிகக் கொடியது பணம் போவதன்று. அதனைப் பற்றி நாம் காக்கும் மௌனமே என்பது என் துணிபு. இக்கருத்துக்கு நான் வந்து சேர்ந்தது நூல்களைக் கற்றன்று; என் வீட்டில் நேர்ந்த ஒன்றைக் கண்டே.

அத்தாவுக்கு வந்த அழைப்பிதழ்

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. என் அத்தா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், அகவை 74. ஒருநாள் மாலை, நாற்பதாண்டு நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து அவருடைய வாட்ஸ்அப்புக்குத் திருமண அழைப்பிதழ் ஒன்று வந்தது. நண்பரின் பெயரும் படமும் இருந்தன. அத்தா அதனை அழுத்தினார். திரை எதையோ கேட்டது. 'ஆம்' என்று ஒப்பினார். அழைப்பிதழ் விரியவில்லை. கண்ணாடி அணியாததால் தமக்குத்தான் தெரியவில்லை போலும் என்றெண்ணிக் கைப்பேசியை வைத்துவிட்டார்.

மறுநாள் பஜ்ருத் தொழுகைக்கு எழுந்தபோது அவர் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் மூன்று தவணைகளில் போயிருந்தது. மழைக்கு ஒழுகும் பின்கட்டுக் கூரையைச் செப்பனிடச் சேர்த்த பணம் அது. அத்தா எங்களிடம் ஒன்றும் கூறவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உண்ணாமல் எழுந்தார். உடல்நலம் இல்லையோ என்று கேட்டோம், இல்லை என்றார்.

மூன்றாம் நாள், அவரிடம் முன்பு பயின்றவரும் இப்போது தையல் வேலை செய்பவருமான ஒரு பெண் எங்கள் வாயிலுக்கு வந்தார். "வாத்தியாரய்யா, வீட்டிலே யாருக்குக் கல்யாணம்? பத்திரிகை அனுப்பியிருந்தீங்க, திறக்கவே வரலையே" என்று முகம் மலரக் கேட்டார். அத்தாவின் முகம் வெளுத்தது. அப்போதுதான் எல்லாம் வெளிப்பட்டது. அவருடைய கைப்பேசியிலிருந்த அத்தனை பேருக்கும் அவர் பெயராலேயே அந்த அழைப்பிதழ் சென்றிருந்தது. அந்தப் பெண்ணின் கணக்கைப் பார்த்தோம். 6,000 ரூபாய் இல்லை. உடனே புகார் செய்தோம். ஆனால் மூன்று நாட்களில் அப்பணம் பல கணக்குகளைக் கடந்துவிட்டிருந்தது.

தம் 48,000 ரூபாயைப் பற்றி அத்தா அதன்பின் ஒருமுறையும் பேசவில்லை. "என் பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளையை ஏமாற்றிவிட்டானே" என்பதே அவர் புலம்பலாக இருந்தது. அத்தொகையைத் தம் ஓய்வூதியத்திலிருந்து மும்முறையாகத் திருப்பித் தந்தார். "ஏன் முதல்நாளே எங்களிடம் சொல்லவில்லை?" என்று நான் கேட்டேன். "இந்த வயதில் உமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள் அல்லவா?" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. உண்மையாகவே அப்படித்தான் கேட்டிருப்பேன்.

மூவகைத் தீங்கு

நேர்ந்தது யாது என்று ஆராய்ந்தால், இணையத் தீங்குகள் மூன்றும் அந்த ஓர் அழைப்பிதழில் அடங்கியிருந்தமை புலனாகும்.

முதலாவது, வேண்டாத செய்தி. ஆங்கிலத்தில் இதனை 'ஸ்பாம்' என்பர். 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டப்பா இறைச்சி ஒன்றின் பெயர் அது. எதைக் கேட்டாலும் அவ்விறைச்சியே வந்து நிற்பதாக 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட நகைச்சுவைக் காட்சியொன்றிலிருந்து இப்பெயர் பின்னர்க் கணினி உலகில் புகுந்தது. 1978 மே 3ஆம் நாள் ஓர் அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர், அந்நாளைய வலையமைப்பிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்குக் கேளாமலே விளம்பர மடல் ஒன்றை விடுத்தார். இவ்வகை மடல்களுள் அதுவே முதலாவது என்பர். அன்று பெற்றவர்கள் சினந்தனர். இன்று நமக்குச் சினங்கூட வருவதில்லை, பழகிவிட்டோம். பழக்கமே ஆபத்து. நூறு குப்பைகளுக்கு நடுவே வரும் ஒரு தூண்டிலை நாம் பிரித்தறிவதில்லை.

இரண்டாவது, அடையாளத் திருட்டு. இதற்குத் தமிழகத்திலேயே ஒரு முன்னோடி வழக்கு உண்டு. ஒரு பெண்ணின் பெயரால் போலி மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, அவரை இழிவுபடுத்தும் செய்திகளை இணையத்தில் பரப்பியவருக்கு 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனை என்று அவ்வழக்கு இன்றும் சுட்டப்படுகிறது. அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக்கிய 66சி பிரிவும், ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி பிரிவும் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. இரண்டிற்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் வரை தண்டமும் உண்டு. அடையாளம் என்பது பெயர் மட்டுமன்று; விரல் ரேகையுமாம். நிலப் பத்திரங்களில் பதிந்திருந்த ரேகைகளை இணையத்திலிருந்து எடுத்துப் போலி ரேகைகள் செய்து, அவற்றைக் கொண்டு சிம் அட்டைகளுக்கு உயிரூட்டிய செய்தி 2018இல் தெலங்கானாவில் வெளிவந்தது.

மூன்றாவது, உளவுச் செயலி. 2021இல் நாட்டை உலுக்கிய பெகாசஸ் விவகாரத்தை நாம் அறிவோம். அது குறித்து ஆராய, உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. அத்தகைய கருவி, கைப்பேசியின் உரிமையாளர் எதையும் தொடாமலேயே உட்புக வல்லது. எளிய மனிதனை நாடி வருவது அஃதன்று. நம்மிடம் வருவது நம் விரலை எதிர்பார்த்து வாயிலில் காத்து நிற்கும் சிறு செயலி. அத்தாவுக்கு வந்தது படமுமன்று, மடலுமன்று, ஏ.பி.கே. எனும் வகைக் கோப்பு. அழுத்தி ஒப்பினால் அது செயலியாக உள்ளே அமர்ந்துகொள்ளும், குறுஞ்செய்திகளைப் படிக்கும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தன் எசமானனுக்கு அனுப்பும். போக்குவரத்து அபராத ரசீது, அரசு உதவித்தொகை, மின்கட்டணம் எனப் பல வேடங்களில் அது வருகிறது. திருமண அழைப்பிதழ் வேடத்தில் வருவது குறித்து 2024இல் பல மாநிலங்களில் காவல்துறை எச்சரித்தது. அழைப்பிதழைத் திறவாமல் விடுவது நம் பண்பாட்டில் மரியாதைக் குறைவு. அம்மரியாதையையே அவன் தூண்டில் புழுவாக்கினான்.

அமானிதம்

நம் வழக்கில் 'அமானிதம்' என்றொரு சொல் உண்டு. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் என்பது அதன் கருத்து. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை 'அல்அமீன்' என்று மக்கத்து மக்கள் அழைத்தனர். தம்மை எதிர்த்தோர் ஒப்படைத்திருந்த பொருள்களையும் உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை, ஹிஜ்ரத்தின்போது அலீ (ரலி) அவர்களிடம் விட்டுச் சென்றதை வரலாறு கூறும்.

நம் கைப்பேசியில் இருப்பவை நம் செய்திகள் மட்டுமா? உறவினர் எண்கள், மாணவியர் அனுப்பிய படங்கள், அண்டை வீட்டார் ஆதார் நகல், நண்பரின் வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தும் அதில் உள. அவை யாவும் அமானிதம். "என்னிடம் திருட என்ன இருக்கிறது? கணக்கில் ஐந்நூறு ரூபாய்தானே!" என்று மாணவர் சிலர் நகைப்பர். திருடனுக்கு உங்கள் ஐந்நூறு வேண்டாம். உங்களை நம்பும் ஐந்நூறு பேர் வேண்டும். என் அத்தாவின் கூரைப் பணத்தைக் காட்டிலும் அவர் ஈட்டிய நற்பெயரே அந்தக் கள்வனுக்குப் பெரிய முதலாயிற்று.

சிலம்பு தரும் பாடம்

ஆண்டுதோறும் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நடத்தும்போது, பொற்கொல்லன் செய்தது யாது என்று மாணவரைக் கேட்பேன். "பொய் சொன்னான்" என்பர். அது மட்டுமன்று. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவன். அதைப் போன்றதொரு சிலம்பை வைத்திருந்த கோவலன்மேல் தன் குற்றத்தை ஏற்றிவிட்டுத் தான் தப்பினான். தன் திருட்டைப் பிறன் பெயரில் எழுதுவதே அவனது சூழ்ச்சி. பாண்டியனோ, அரசியின் ஊடலைத் தணிக்கும் விரைவில் ஆராயாது ஆணையிட்டான். திருடனின் தந்திரமும் கேட்டவரின் அவசரமும் கூடிய இடத்தில் ஓர் உயிர் போயிற்று.

இன்றைய பொற்கொல்லர்கள் நம் மாணவர்களைத் தேடி வருகின்றனர். "உன் வங்கிக் கணக்கைச் சில நாட்களுக்குக் கொடு; சில ஆயிரம் தருகிறேன்" என்கின்றனர்; சிம் அட்டை வாங்கித் தரச் சொல்கின்றனர். திருடிய பணம் அக்கணக்கில் இறங்கி மறைகிறது. காவலர் வரும்போது கணக்கில் இருப்பது அந்த மாணவன் பெயரே. கோவலனாவது தன் மனைவியின் சிலம்பை விற்கச் சென்றான். இம்மாணவனோ தன் பெயரையே விற்றுவிடுகிறான்.

இதனினும் துயரமானது ஒன்று உண்டு. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் பயணமான பட்டதாரிகள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். அவர்களுள் மீட்கப்பட்ட தமிழகத்தவர் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். நம்மை ஏமாற்றும் குரல், அடிக்கு அஞ்சிப் பேசும் ஓர் ஏழைப் பட்டதாரியின் குரலாகவும் இருக்கக்கூடும். வெளிநாட்டு வேலையைத் தேடும் மாணவர் இதனை மறத்தலாகாது.

பொறுப்பு யாருடையது?

"ஏமாந்தவன் அறிவிலி" என்று சொல்லிக் கடந்து போவோர் பலர். இக்கூற்றை நான் ஏற்பதற்கில்லை. என் அத்தா நாற்பதாண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவர். நாடெங்கும் ஏமாந்தோருள் மருத்துவரும் பொறியாளரும் ஓய்வு பெற்ற உயரதிகாரிகளும் உளர். ஏமாற்றுவதையே முழுநேரத் தொழிலாகப் பயின்றவன் முன் ஒரு கணம் அயர்ந்தவரை அறிவிலி என்பது நீதியன்று.

பாதுகாப்பின் முழுச் சுமையையும் தனிமனிதன் தலையில் ஏற்றுவதும் தகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. மக்களின் தரவுகளைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழிவகுக்கிறது. சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாது, எண்களை விற்பவரைத் தண்டிக்க வேண்டும்.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலவில்லை. மோசடிக்காரன் என் அத்தாவிடம் தமிழில் பேசுகிறான். "ஐயா" என்று விளிக்கிறான். என் கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கைச் செய்திகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. திருடன் கற்ற மொழியைக் காவலன் கற்க வேண்டாமா? தமிழ்த்துறை மாணவர்கள் இப்பணியை மேற்கொண்டால், எளிய தமிழில் எழுதிய ஒரு தாள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கும்.

செய்யத்தக்கவை

அத்தாளில் எழுதத்தக்கவை என நான் கருதுவன சில:

1. ஏ.பி.கே. என முடியும் கோப்பு யாரிடமிருந்து வந்தாலும் தொடாதீர். அனுப்பியவரைக் குரலால் அழைத்துக் கேளுங்கள். நண்பரின் எண் வேறு, நண்பர் வேறு.

2. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, செலுத்துவதற்கே தேவை. பணம் தருவதாகச் சொல்லி இரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்பவன் திருடனே.

3. 'டிஜிட்டல் கைது' என்று ஒரு நடைமுறை இந்தியச் சட்டத்தில் இல்லை. இதனைப் பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் எடுத்துரைத்தார். காணொளியில் காக்கிச் சட்டையைக் கண்டு நடுங்காதீர், துண்டித்துவிடுங்கள்.

4. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடாதீர். முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதார் உண்டு. இயன்றவிடத்து அதனைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியிலும் கைப்பேசியிலும் உங்கள் கோப்பை விட்டு வராதீர். விரல் ரேகைப் பயன்பாட்டை ஆதார்ச் செயலியிலேயே பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறக்கலாம்.

5. உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதை, 2023 மே மாதம் தொடங்கப்பட்ட 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசுத் தளத்தில் பார்க்கலாம். அறியாத எண் இருப்பின் அங்கேயே தெரிவிக்கலாம்.

6. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே அமையுங்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பது, எல்லா அறைக்கும் ஒரே சாவியைச் செய்து தெருவில் நடப்பதற்கு ஒப்பாகும். தொல்லை தரும் விளம்பர அழைப்புகளை 1909 எண்ணில் தெரிவித்துத் தடுக்கலாம்.

7. இழப்பு நேர்ந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் அதனை நிறுத்தி வைக்க முதல் ஒரு மணி நேரமே பெருந்துணை.

ஏழாவதே தலையாயது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் சுற்றறிக்கையில் வகுத்த முறையை நோக்குக. வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இன்றி வேறெங்கோ நேர்ந்த ஊடுருவலால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது. அவரே இரகசியத்தைப் பகிர்ந்து ஏமாந்திருந்தாலும், தெரிவித்த கணத்திற்குப் பின் நிகழும் இழப்பு வங்கியைச் சாரும் என்றது. ஆதலின், வாய் திறத்தலே பாதுகாப்பு. மௌனம் காத்த ஒவ்வொரு மணியும் கள்வனுக்கு நாம் அளித்த கொடை.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அத்தா பள்ளிவாசலில் எழுந்து நின்றார். "நான் ஏமாந்துவிட்டேன். என் பெயரில் உங்களுக்கு அழைப்பிதழ் வந்திருந்தால் திறக்காதீர்கள்" என்று இரண்டே வாக்கியம் பேசினார். சிலர் தலை கவிழ்ந்தனர். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று மாலை முதல் மூவர் தனித்தனியே எங்கள் வீட்டுக்கு வந்தனர். மூவரும் பணம் இழந்தவர்கள். ஒருவர் மகளின் திருமணச் சேமிப்பையே இழந்தவர். "வெளியில் சொல்லிவிடாதீர்கள்" என்று மூவருமே கேட்டுக்கொண்டனர். தெருவுக்குள்ளேயே நால்வர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காயத்தை மறைத்து வாழ்ந்திருக்கிறோம்!

பெரியோர்களே, மார்கழிப் பனியில் வாயில்தோறும் காவல் நிற்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஏமாந்தவரைக் கண்டு நகையாத ஒரு சூழலை மட்டும் உண்டாக்கித் தாருங்கள். ஜமாஅத்திலும் கோயில் குழுவிலும் மகளிர் சங்கத்திலும், "உனக்கு நேர்ந்ததைச் சொல், நாங்கள் உடன் வருகிறோம்" என்று கூற ஒருவர் இருக்கட்டும். கல்லூரியில் ஒவ்வொரு துறையிலும் ஓர் ஆசிரியர் அப்பொறுப்பை ஏற்கட்டும். மாணவச் செல்வங்களே, வீட்டில் முதியோர் கைப்பேசியை நீட்டி ஐயம் கேட்கும்போது பெருமூச்சு விடாதீர். அந்தப் பெருமூச்சுக்கு அஞ்சியே என் அத்தா மூன்று நாட்கள் வாளாவிருந்தார்.

முழுமதி நாட்களில் எங்கள் வாயிலைக் கடந்து இலட்சக்கணக்கானோர் மலையை வலம் வருகின்றனர். கூட்டத்தில் ஒரு மூதாட்டி "சுருக்குப் பையைக் காணோமே" என்று குரலெடுத்தால், முன்பின் அறியாத பத்துப் பேர் நின்றுவிடுவர். அனைவரும் தத்தம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வர். அவரை ஏன் தொலைத்தாய் என்று எவரும் ஏளனம் செய்வதில்லை. அந்த ஒரு குரல் நூறு பைகளைக் காக்கிறது. இணையத்திலும் நமக்கு வேண்டுவது அக்குரலே. இழந்தவர் பேசட்டும், ஏனையோர் நிற்போம்.